பிரசவ மேசையில் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் கேட்டிருக்கிறார். சென்ற ஆண்டு அவருடைய அக்காவுக்குப் பிரசவம் ஆனபோது, ஒரு வார்த்தை கேட்காமல் பிறப்புவாயை வெட்டிக் குழந்தையை எடுத்துத் தையல் போட்டார்கள். ஒருவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று வயிற்றை அழுத்தித் தள்ளினார். கர்ப்பப்பைக்குள் கருத்தடைக்கான காப்பர் டி வைத்திருப்பது ஆறு வாரம் கழித்துத்தான் அக்காவுக்கே தெரிந்தது. “இதெல்லாம் எனக்கு வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கிறதா? கணவரும் மாமியாரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் என் பேச்சு எடுபடுமா?” என்பது கேள்வி. எழுதாமல் விட்ட இன்னொரு கேள்வியும் இதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. என் உயிரும் குழந்தையின் உயிரும் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடமே நான் மறுத்துப் பேசினால், அவர்கள் கோபித்துக்கொண்டு கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம் அது. மூன்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்து மருத்துவமனைகளில், அரசு, தனியார் இரண்டிலும், 31 ஆண்டுகள் பிரசவ அறைச் செவிலியராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. பாடம் நடத்துவதற்காகத் தீர்ப்புகளைத் தேடிப் படித்தவள், அவ்வளவுதான். உங்கள் ஸ்கேன் அறிக்கையையோ இரத்த அழுத்தக் கணக்கையோ நான் பார்க்கவில்லை. ஆகவே உங்களுக்கு எது தேவைப்படும், எது தேவைப்படாது என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். அதை உங்களைப் பரிசோதிக்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

உரிமை இருக்கிறதா என்றால், இருக்கிறது. 18 வயது நிரம்பிய, நினைவோடு இருக்கிற, சொல்வதைப் புரிந்துகொள்கிற எந்தப் பெண்ணின் உடலிலும் அவள் சம்மதம் இல்லாமல் கை வைக்கக் கூடாது. கர்ப்பமாக இருப்பதால் அந்தச் சட்டம் மாறிவிடுவதில்லை. இதற்கு நம் நாட்டில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது 2008இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் தந்த தீர்ப்பு. 44 வயதான, திருமணமாகாத பெண் அவர். வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்த்து நோயைக் கண்டறிவதற்கு மட்டும் சம்மதித்து மயக்க மருந்து வாங்கிக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது வெளியில் காத்திருந்த தாயாரிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்த அறுவை சிகிச்சை அவருக்கு நன்மை தரக்கூடியது என்றே வைத்துக்கொண்டாலும், அவர் சம்மதிக்காததைச் செய்தது தவறு என்றது நீதிமன்றம். அவர் வயது வந்தவர். தற்காலிகமாகத்தான் மயக்கத்தில் இருந்தார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. விழிக்கும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும், தாயின் கையெழுத்து மகளின் சம்மதம் ஆகாது. ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குக் கொடுத்ததாகவும் ஆகாது. இந்த வழக்கில் பிரசவம் இல்லை. ஆனாலும் உங்கள் அக்காவுக்கு நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பிரசவத்துக்குச் சேர்ந்தது காப்பர் டி வைக்கச் சம்மதித்ததாகிவிடாது.

அந்தத் தீர்ப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மருத்துவர் எல்லா ஆபத்தையும் ஒன்று விடாமல் சொல்லியாக வேண்டும் என்ற அமெரிக்க அளவுகோலை நம் நீதிமன்றம் ஏற்கவில்லை. நோயாளி முடிவெடுக்கப் போதுமான விவரம் சொன்னால் போதும் என்றது. எது போதுமானது என்பதில் மருத்துவர்களின் வழக்கத்துக்குப் பெரிய இடம் கொடுத்தது. ஆகவே “எனக்கு இதைச் சொல்லவில்லை” என்ற புகார், “என்னைக் கேட்கவே இல்லை” என்ற புகாரைவிட வலுவில் குறைந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, வேண்டியதை நீங்களே முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

“அவசரம்” என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவ அறையில் அதிகம் பயன்படும் சொல் அதுதான். நினைவில்லாமல் கிடக்கிற பெண்ணின் உயிரைக் காக்க யார் கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவில் அது 30ஆம் பிரிவு. வலிப்பு வந்து விழுந்தவளையோ, இரத்தம் போய் மயங்கியவளையோ கேட்டுக்கொண்டு நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது சம்மதம் தெரிவிக்க இயலாத நிலையில் இருப்பவர்களைப் பற்றி. கண் விழித்து, வாய் திறந்து “வேண்டாம்” என்கிறவளைப் பற்றி அல்ல. அவசரம் என்றால் பேச்சைச் சுருக்கலாம். ஒரு நிமிடத்தில், இரண்டு வாக்கியத்தில் சொல்லிக் கேட்கலாம். நான் வேலை பார்த்த காலத்தில் எங்களுக்கு உண்மையிலேயே நேரம் இல்லாமல் போனவை மிகச் சில. கேட்கிற பழக்கம் இல்லாததால் கேட்காமல் விட்டவைதான் அதிகம்.

இனி கணவர், மாமியார் கையெழுத்து. நம் ஊரில் இந்தக் குழப்பம் ஆழமாக வேர் விட்டிருக்கிறது. 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகளில் அறுவை சிகிச்சைக்கு முன் “கணவன் அல்லது மனைவி, சிறார் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர், அல்லது நோயாளி” ஆகியோரிடம் எழுத்தில் சம்மதம் பெற வேண்டும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. வரிசையைப் பாருங்கள், நோயாளி கடைசியில் வருகிறார். இதைப் பிடித்துக்கொண்டு, கணவர் கையெழுத்து இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் மருத்துவமனைகளில் இன்றும் உண்டு. 2008 தீர்ப்புக்குப் பிறகு அப்படி நினைக்க இடமில்லை. குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்குவது மருத்துவமனை தனக்காகத் தேடிக்கொள்ளும் பாதுகாப்பு. அது உங்கள் சம்மதத்தின் மேல் கூடுதலாக வரலாம், அதற்குப் பதிலாக வர முடியாது. கருக்கலைப்புச் சட்டமே, பெண் 18 வயது நிரம்பியவர் என்றால், அவருடைய சம்மதத்தைத்தான் கேட்கிறது. கணவருடையதை அல்ல.

வேலூர்க்காரர்களுக்கு, சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை தெரிந்திருக்கும். 1890களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முதலியார், ஒருவர் முஸ்லிம். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர்தான், ஆனால் ஆண் வந்து பார்க்கக் கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். ஐடாவோ அப்போது மருத்துவம் படித்தவர் அல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1900இல் வேலூரில் சிறியதாகத் தொடங்கிய வேலை 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாகி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, இன்று சி.எம்.சி.யாக நிற்கிறது. செவிலியர் பயிற்சியின் முதல் வாரத்திலேயே இந்தக் கதையைச் சொன்னார்கள். நாங்கள் அழுதோம். பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கதையில் மூன்று ஆண்கள் பேசுகிறார்கள், ஒரு மருத்துவர் பேசுகிறார், ஐடா பேசுகிறார். பிரசவ வலியில் கிடந்த மூன்று பெண்களும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆண் மருத்துவர் வரட்டும் என்று அவர்களில் ஒருத்தி சொல்லியிருப்பாளோ என்னவோ. யாரும் கேட்கவில்லை.

இதை நான் பழங்கதையாகச் சொல்லவில்லை. 1990களின் கடைசியில் ஒரு சிறிய மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தேன். இரத்த அழுத்தம் 170க்கு 110, முகமெல்லாம் வீங்கி ஒரு பெண் வந்தாள். உடனே சிசேரியன் செய்ய வேண்டும் என்றார் மருத்துவர். வெளியில் இருந்த பெரியவர்கள், பெங்களூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை வரட்டும், அவர் வராமல் கத்தி வைக்கக் கூடாது என்றார்கள். நாங்கள் தாளில் “சிகிச்சைக்கு மறுப்பு” என்று எழுதி மாமனாரிடம் கையெழுத்து வாங்கினோம். காலையில் அவர் வந்து சேர்ந்தபோது குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டிருந்தது. அந்தப் பெண்ணிடம் உனக்கு என்ன விருப்பம் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரவு முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் சம்மதம் என்றுதான் சொல்லியிருப்பாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். மறுக்கும் உரிமை என்று நான் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்கிறேன். குடும்பம் மறுத்தாலும் சிகிச்சையை ஏற்றுக்கொள்கிற உரிமையும் உங்களுடையதே.

இதுவரை உறுதியாகச் சொல்லக்கூடியவை. இனி, உறுதி குறைந்த இடம். குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் சொல்கிறார், நினைவோடு இருக்கும் தாய் அறுவை சிகிச்சை வேண்டாம் என்கிறார். அப்போது சட்டம் எந்தப் பக்கம் நிற்கும்? இங்கிலாந்தில் இதற்குத் தெளிவான விடை உண்டு. 1998இல், முன்சன்னி (கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரை போகக்கூடிய நோய்) வந்த ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்திச் சிசேரியன் செய்தது சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் நலனுக்காகக்கூட, தெளிந்த மனமுள்ள பெண்ணின் உடலில் கத்தி வைக்க முடியாது என்பது அங்கே சட்டம். நம் நாட்டில் பிரசவத்தில் மறுப்பதைப் பற்றியே பேசும் தனிச் சட்டம் கிடையாது. 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தை பெறுவது தொடர்பான முடிவுகள் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்றது. அதே தீர்ப்பு, பிறக்கப்போகும் குழந்தையின் உயிரைக் காப்பதில் அரசுக்கும் அக்கறை உண்டு என்றும் சொன்னது. 2018இல் வந்த தீர்ப்பு, தெளிந்த மனமுள்ள வயது வந்தவர் சிகிச்சையை மறுக்கலாம் என்று உறுதி செய்தது. ஆனால் அது மரணத் தறுவாயில் இருப்பவர்களை முன்வைத்துச் சொன்னது. இவற்றைச் சேர்த்துப் படித்தால், ஒரு மருத்துவர் உங்களைக் கட்டிப்போட்டுச் சிசேரியன் செய்ய எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை என்பதே என் வாசிப்பு. இதே நிலையில் ஒரு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் எப்படி முடியும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு சிக்கல், வலியில் துடிக்கிறவளுக்குத் தெளிந்த மனம் இருக்கிறதா என்ற கேள்வி. 1997இல் அதே இங்கிலாந்தில் ஒரு பெண் சிசேரியனுக்குச் சம்மதித்தார், மயக்க ஊசிக்கு மட்டும் சம்மதிக்கவில்லை. ஊசி மேல் அவருக்கு இருந்த பயம் அந்த நேரத்தில் முடிவெடுக்கும் திறனையே அடைத்துவிட்டது என்று நீதிமன்றம் கருதியது. அந்த ஒரு வழக்கில் அது சரியாக இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அது கவலை தருகிற வாதம். “வலியில் உளறுகிறாள்” என்று சொல்லி எந்தப் பெண்ணின் பேச்சையும் தள்ளிவிட முடியும், தள்ளியும் இருக்கிறோம். எட்டு மணி நேரம் வலி தாங்கியவள் கத்துவாள், திட்டுவாள், செத்துப்போகிறேன் என்பாள். அதே வாயால் தனக்குத் தண்ணீர் வேண்டும், இந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்று மிகத் தெளிவாகவும் சொல்வாள். வலி மனத்தை மறைப்பதில்லை என்பது நான் நேரில் கண்டது.

முதல் பிரசவம் சிசேரியனான ஒரு பெண் இரண்டாவது முறை தானாக வலி வந்து சேர்ந்தாள். குழந்தையின் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. சிசேரியன் என்றதும் மேசையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முடியவே முடியாது என்றாள். இரண்டு பயிற்சி மருத்துவர்கள் அவளைத் திட்டினார்கள். குழந்தையைக் கொல்லப் போகிறாயா என்று கேட்டார்கள். மூத்த மருத்துவர் ஒருவர் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னார், என்னை மட்டும் இருக்கச் சொன்னார். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, “எதுக்கும்மா பயப்படறே?” என்றார். போன முறை முதுகில் போட்ட ஊசி சரியாக மரத்துப்போகவில்லை, அறுத்தது தெரிந்தது, கத்தினாள், யாரும் நம்பவில்லை. அதுதான் காரணம். தொட்டுப் பார்ப்போம், உனக்குத் தெரிந்தால் நிறுத்திவிட்டு முழு மயக்கம் கொடுப்போம் என்றார் அவர். தலையாட்டினாள். கேட்டுப் பதில் வாங்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. குழந்தை நன்றாகப் பிறந்தது. அவள் மறுத்தது சிசேரியனை அல்ல. பெரும்பாலான “முடியாது”களுக்கு உள்ளே இப்படி வேறு ஏதோ ஒன்று இருக்கிறது.

சரி, எதையெல்லாம் மறுக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பீர்கள். முதலில் வெட்டு, அதாவது குழந்தை வெளிவரப் பிறப்புவாயை வெட்டி அகலப்படுத்துவது. நான் பயிற்சி பெற்ற காலத்தில் தலைப்பிரசவம் என்றால் வெட்ட வேண்டும், அது விதி. வெட்டாமல் விட்டால் தாறுமாறாகக் கிழியும் என்று சொல்லிக் கொடுத்தார்கள், நம்பினேன், நூற்றுக்கணக்கில் வெட்டினேன். ஒருவரிடமும் கேட்டதில்லை. எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுவது தேவையில்லை என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத அறிவு. 2018இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிரசவப் பரிந்துரைகளிலும் அப்படியே இருக்கிறது. குழந்தையின் துடிப்பு விழுந்து உடனே வெளியே எடுக்க வேண்டும், ஆயுதம் போட்டு இழுத்து எடுக்க வேண்டும் என்ற நிலையில் வெட்டு உதவும், அப்போது சொல்லிவிட்டுச் செய்யலாம். அந்த நேரத்திலும் மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் வெட்ட வேண்டும், தைக்க வேண்டும். மரக்காமல் தைக்க நீங்கள் அனுமதிக்க வேண்டியதே இல்லை. ஊசியைப் போடுங்கள், பிறகு தையுங்கள் என்று சொல்லுங்கள்.

வயிற்றின் மேல் அழுத்தித் தள்ளுவதை அதே பரிந்துரைகள் கூடாது என்றே சொல்கின்றன. அதைத் தயங்காமல் மறுக்கலாம். முடி மழிப்பதும் எனிமா கொடுப்பதும் வழக்கமாகச் செய்ய வேண்டியவை அல்ல. மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டுதான் பெற வேண்டும் என்பதும் இல்லை. ஜவ்வாது மலையிலிருந்து வந்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருத்தி என்னை இதில் திருத்தினாள். மேசையில் படுக்கவே மாட்டேன் என்று கீழே இறங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நான் அதட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு தன் வேலையைச் செய்தாள். குழந்தை என் கைக்கு வந்தது, ஒரு கீறல் இல்லை, ஒரு தையல் இல்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மறுக்க உரிமை இருந்தும் மறுக்க வேண்டாம் என்று நான் கெஞ்சுகிறவை சில உண்டு. குழந்தை பிறந்ததும் தொடையில் போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி அவற்றில் முதலாவது. பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு எவ்வளவு வேகமாக ஒருத்தியை வெளுக்கச் செய்யும் என்பதைப் பார்த்தவர்கள் அந்த ஊசியை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் இன்னொன்று. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை முழுவதும் மூடியிருந்தாலோ, தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் நழுவி வந்துவிட்டாலோ, குறுக்கே கிடக்கும் குழந்தை வலி வந்தும் திரும்பவில்லை என்றாலோ பெரும்பாலும் சிசேரியனைத் தவிர வழி இல்லை. இங்கே பொறுத்துப் பார்ப்போம் என்ற பேச்சுக்கு இடமில்லை. குழந்தையின் இதயத்துடிப்பை அடிக்கடி கேட்பதையும் மறுக்காதீர்கள். நீங்கள் மற்றவற்றை மறுப்பதற்குத் துணை நிற்பதே அந்தத் துடிப்புக் கணக்குதான். மருத்துவமனைக்கே போகாமல் வீட்டில் பெற்றுக்கொள்ளலாமா என்று உங்கள் கேள்வியில் ஒரு வரி வந்திருக்கிறது. வேண்டாம் அம்மா. அணைக்கட்டு, ஒடுகத்தூர் மலைக் கிராமங்களிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிசேரியனைப் பற்றி உங்களுக்கு இருக்கும் சந்தேகம் நியாயமானதே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36. இந்தியா முழுவதற்கும் 21.5தான். நம் பெண்களின் இடுப்பு மட்டும் இரண்டு மடங்கு குறுகிவிடவில்லை. தேவையில்லாதவை நிறைய நடக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, உங்களுக்குச் சொல்லப்படுகிற ஒரு சிசேரியன் தேவையா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது. அதற்குக் காரணத்தைக் கேட்க வேண்டும். “கொடி சுற்றியிருக்கிறது” என்பது மட்டும் காரணம் ஆகாது. நான் கையில் வாங்கிய குழந்தைகளில் நாலைந்தில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி இருந்திருக்கும், விரலால் விலக்கிவிடுவோம். கொடியும் சுற்றி, துடிப்பும் ஒவ்வொரு வலிக்கும் இறங்கினால் அது வேறு. “வாய் திறக்கவில்லை” என்றால் கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர், எத்தனை மணி நேரமாக என்று கேளுங்கள். ஐந்து சென்டிமீட்டர் வரை மெதுவாகத் திறப்பது இயல்பு, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற பழைய கணக்கை உலக சுகாதார நிறுவனமே கைவிட்டுவிட்டது. நல்ல நேரம் குறித்துக்கொண்டு குடும்பத்தார் கேட்கும் சிசேரியனையும் நீங்கள் மறுக்கலாம். அதில் மருத்துவர் உங்கள் பக்கம்தான் நிற்க வேண்டும்.

மறுத்தால் கைவிடுவார்களா? கைவிடக் கூடாது. நான் முன்பு சொன்ன 2002 விதிகளிலேயே, ஒரு நோயாளியை ஏற்றுக்கொண்ட மருத்துவர் அவரைப் புறக்கணிக்கவோ, போதிய அவகாசம் தராமல் விலகவோ கூடாது என்று இருக்கிறது. ஒன்றை மறுத்தீர்கள் என்பதற்காக மற்ற எல்லாவற்றையும் நிறுத்த முடியாது. ஆனால் கோபம் வருமா என்றால், வரலாம். அந்தக் கோபத்துக்கு அடியில் பயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள், நாட்டின் சராசரி 97. இந்த இடத்துக்கு வரப் பெரும் உழைப்பு தேவைப்பட்டிருக்கிறது. ஒரு தாய் இறந்தால் விசாரணை உண்டு, கோப்பு உண்டு, சில நேரம் வாசலில் கூட்டம் உண்டு. ஒரே இரவில் பத்துப் பிரசவம் பார்க்கும் இரண்டு செவிலியருக்கு உட்கார்ந்து பேச நேரமும் இல்லை. இதையெல்லாம் சொல்வது அவர்கள் செய்ததை நியாயப்படுத்துவதற்காக அல்ல. எந்த முகத்தை நோக்கி நீங்கள் பேசப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்வது உதவும்.

அதனால் மேசையில் ஏறிய பிறகு பேசத் தொடங்காதீர்கள். எட்டாவது மாதப் பரிசோதனைக்குப் போகும்போது ஒரு தாளில் ஐந்தாறு வரி எழுதிக்கொண்டு போங்கள். வெட்டுவதாக இருந்தால் காரணம் சொல்லி என்னிடம் கேளுங்கள், வயிற்றை அழுத்த வேண்டாம், என் அம்மா உடன் இருக்க வேண்டும், காப்பர் டி வேண்டாம், அவசரம் வந்தால் என்னிடம் நேரடியாகச் சொல்லுங்கள், நான் ஒத்துழைப்பேன். இப்படி எழுதுங்கள். அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் சண்டைக்கு வரவில்லை என்று அவர்களுக்குக் காட்டுவது அதுதான். மருத்துவரிடம் காட்டி, கேஸ் ஷீட்டோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். சேர்க்கும்போது நீட்டப்படும் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். குடியாத்தத்தில் தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு, ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் வீடுகள் உண்டு, எல்லோரும் அதே ஆங்கிலத் தாளில்தான் கையெழுத்து வைக்கிறார்கள். படித்துச் சொல்லச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போட்ட பிறகும் மனத்தை மாற்றிக்கொள்ளலாம்.

உடன் இருக்கப் போகிறவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஒரு பெண் துணை உடன் இருக்கப் பல ஆண்டுகளாக அனுமதி உண்டு. சில இடங்களில் கேட்டால்தான் விடுவார்கள். அந்தத் துணை உங்களுக்காக முடிவெடுக்க வேண்டியதில்லை. “அவளைக் கேளுங்கள்” என்ற இரண்டு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். கணவரிடமும் இதே இரண்டு சொல்லைச் சொல்லிவையுங்கள். யாராவது தாளை நீட்டினால் அவர் கேட்க வேண்டியது, “அவளிடம் சொன்னீர்களா?” என்பது. நீங்கள் கேட்க வேண்டியவையும் சிறியவைதான்: எதற்காக, குழந்தையின் துடிப்பு எப்படி இருக்கிறது, அரை மணி நேரம் பொறுத்தால் என்ன ஆகும். துடிப்பு நன்றாக இருந்தால் அந்த அரை மணி நேரம் பெரும்பாலும் கிடைக்கும். துடிப்பு சரியில்லை என்று பதில் வந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் சம்மதிப்பேன்.

உங்கள் அக்காவுக்கு ஒரு செய்தி. அவர் விரும்பினால் தன் சிகிச்சைப் பதிவுகளின் நகலை எழுத்தில் கேட்கலாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி, ஆகவே இன்னும் காலம் கடந்துவிடவில்லை. காப்பர் டி சம்மதப் பகுதியில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அது ஆபத்தான பொருள் அல்ல, நல்ல கருத்தடை முறைதான், வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எடுத்து, “இதை எடுத்துவிடுங்கள்” என்று சொல்லட்டும். எடுக்கச் சில நிமிடம்தான் ஆகும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, மாமியாரை அழைத்துப் போக வேண்டியதில்லை, கணவர் கையெழுத்தும் வேண்டியதில்லை.